நரம்பின் குறையா, கருவியின் குறையா? கிளினிக்குக்கு ஒரு போர்ட்டபிள் என்.சி.வி., ஈ.எம்.ஜி. கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கை மரத்துப்போகிறது, பாதம் எரிகிறது, பிடி தளர்கிறது என்று சொல்லி வரும் நோயாளிக்குக் கோளாறு நரம்பில் இருக்கிறதா, தசையில் இருக்கிறதா, அவை இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறதா, தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பு வேரில் இருக்கிறதா என்று பிரித்தறிவதற்கு, மருத்துவர் தம் கையாலும் கண்ணாலும் செய்யும் பரிசோதனைக்கு அடுத்தபடியாக இன்றும் நம்பப்படுபவை இரண்டு மின் சோதனைகள். ஒன்று, நரம்பின் வழியே மின்துடிப்பு எவ்வளவு வேகத்தில், எவ்வளவு வலிமையோடு செல்கிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை; என்.சி.வி. டெஸ்ட் என்று பரவலாக வழங்குவது இதுவே. மற்றொன்று, மெல்லிய ஊசி மின்முனையைத் தசைக்குள் செலுத்தி, அத்தசை ஓய்விலும் இயக்கத்திலும் எழுப்பும் மின்னலைகளைப் பதியும் ஈ.எம்.ஜி. சோதனை. ஒரு காலத்தில் தள்ளுவண்டியில் பொருத்தப்பட்டுப் பெரிய மருத்துவமனைகளின் தனியறைகளில் மட்டும் இருந்த இக்கருவிகள், இன்று ஒரு சிறு பெட்டியும் மடிக்கணினியுமாகச் சுருங்கி, ஒரு பைக்குள் அடங்கிவிடுவதால், சிற்றூர் கிளினிக்கும் நீரிழிவு மையமும் இவற்றை வாங்குவது குறித்து எண்ணத் தொடங்கியிருக்கின்றன.

இந்த வசதியோடு சேர்ந்து ஒரு பொறுப்பும் வருகிறது. சோதனையின்போது திரையில் அலை எழாமல் கோடு தட்டையாகவே ஓடினால், அறிக்கையில் 'துலங்கல் இல்லை' என்று எழுதப்படும். அந்த வரியைப் படிக்கும் மருத்துவர், நரம்பு இழைகள் அழிந்துவிட்டன என்று பொருள்கொள்வார். ஆனால் பெருக்கியின் இரைச்சல் மிகுந்திருந்தாலும், மின்முனை உலர்ந்திருந்தாலும், தூண்டல் போதாமல் இருந்தாலும், நோயாளியின் கால் வீங்கியிருந்தாலும், அதே தட்டைக் கோடுதான் தோன்றும். தாளில் இவற்றுக்கிடையே எந்த வேறுபாடும் தெரியாது. ஆகவே விலை, எடை, கால்வாய்களின் எண்ணிக்கை, திரையின் அழகு என்று விற்பனைப் பிரதிநிதிகள் அடுக்கும் எல்லாவற்றுக்கும் முன்னதாக, கிளினிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இக்கருவி 'இல்லை' என்று காட்டும்போது, இல்லாமல் போனது நரம்பின் துலங்கல்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

கருவி அளப்பது எதை?

நரம்பில் செய்தி செல்வதற்கு அளக்கத்தக்க காலம் பிடிக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ஆம் ஆண்டில் தவளையின் நரம்பைக் கொண்டு நிறுவினார். அதுவரை அவ்வேகம் அளவிட இயலாதது என்றே பலரும் கருதியிருந்தனர். ஏட்ரியனும் பிராங்கும் 1929-இல் பொதுமைய ஊசி மின்முனையை உருவாக்கிய பிறகு, தசையின் தனித்தனி அலகுகளை மனித உடலிலேயே கேட்கவும் காணவும் வழி பிறந்தது. இயக்க நரம்புகளின் கடத்தலை நோயாளிகளிடம் அளக்கும் முறையை ஹோட்ஸ், லாரபி, ஜெர்மன் ஆகியோர் 1948-இலும், தோலின் மேலிருந்தே மனித நரம்பின் மின்னலையைப் பதியும் முறையை டாசனும் ஸ்காட்டும் 1949-இலும் வெளியிட்டனர். இன்று கிளினிக்கில் நடக்கும் சோதனையின் அடிப்படை, இம்முறைகளிலிருந்து பெரிதும் மாறிவிடவில்லை.

இரு சோதனைகளிலும் கருவி எதிர்கொள்ளும் மின்னழுத்தங்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை என்பதே தேர்வுக்கு முதன்மையான செய்தி. இயக்க நரம்பைத் தூண்டித் தசையின் மேல் பதியும்போது கிடைக்கும் அலை பல மில்லிவோல்ட் உயரம் உள்ளது. எண்ணற்ற தசை இழைகள் ஒருசேர மின்னலை எழுப்புவதால் தசையே ஒரு பெருக்கியாகச் செயல்படுகிறது. உணர்வு நரம்பிலோ அத்தகைய உதவி இல்லை. நரம்பின் சொந்த மின்னலையையே தோலின் மேல் பிடிக்க வேண்டியிருப்பதால், அது மைக்ரோவோல்ட் கணக்கில், அதாவது மில்லிவோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் அளக்கப்படுகிறது. கணுக்காலின் வெளிப்புறத்தில் ஓடும் சூரல் என்னும் உணர்வு நரம்பின் அலை, நலமான பெரியவர்களிடமே சில மைக்ரோவோல்ட் முதல் ஓரிரு பத்து மைக்ரோவோல்ட் வரைதான் இருக்கும். முதுமையில் இன்னும் சுருங்கும்.

எனவே இயக்க நரம்புச் சோதனையைத் தாழ்ந்த தரமுள்ள கருவியும் ஓரளவு நன்றாகவே செய்துவிடும். விற்பனைக்காரர் செய்துகாட்டும் டெமோவில் பெரும்பாலும் மணிக்கட்டில் மீடியன் நரம்பைத் தூண்டிக் கட்டைவிரல் துள்ளுவதைக் காட்டுவதால், எல்லாக் கருவிகளும் ஒன்றுபோலவே தோன்றும். கருவிகளின் உண்மையான தரவேறுபாடு வெளிப்படுவது சூரல் நரம்பில்தான். நீரிழிவு நரம்புநோயில் முதலில் தேய்வது பாதத்தை நோக்கி ஓடும் நீண்ட உணர்வு இழைகளே ஆதலால், கிளினிக்குக்கு மிகவும் தேவையான அலையும், பிடிப்பதற்கு மிகவும் கடினமான அலையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

முதலில் நோயாளி, பிறகு கருவி

எத்தகைய நோயாளிகள் வருகிறார்கள் என்பதைக் கொண்டே கருவியின் வகை முடிவாக வேண்டும். மணிக்கட்டின் குறுகிய சுரங்கத்தில் மீடியன் நரம்பு நசுங்குவதால் விரல்கள் மரத்துப்போகும் கார்ப்பல் டனல் நோயே பெரும்பான்மையாக இருக்குமிடத்தில், இரு கால்வாய் கொண்ட, நரம்புக் கடத்தல் சோதனையை மட்டும் திறமாகச் செய்யும் கருவி போதுமானது. கால்வாய் என்பது ஒரே நேரத்தில் தனித்தனியே பதியத்தக்க மின்னலைப் பாதையைக் குறிக்கும். வழக்கமான கடத்தல் சோதனைகளில் ஒரு நேரத்தில் ஒரு தசையோ ஒரு நரம்போதான் பதியப்படுவதால், நான்கு அல்லது எட்டுக் கால்வாய்களுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, நடுக்கத்தை ஆராய்தல், அறுவையின்போது நரம்பைக் கண்காணித்தல் போன்ற பணிகள் இல்லாத கிளினிக்குக்குப் பயன் தராது.

கழுத்து, இடுப்பு வேர் நசிவுகள், தசைநோய்கள், விபத்தில் நரம்பு அறுந்த காயங்கள் ஆகியவை வருமிடத்தில் ஊசிச் சோதனை இன்றியமையாதது. இங்கே ஒலிபெருக்கியின் தரமும் ஒரு கூறாகிவிடுகிறது. ஏனெனில் தேர்ந்த சோதனையாளர் ஊசி அலைகளைக் கண்ணைவிடக் காதால்தான் முதலில் அடையாளம் காண்கிறார். நரம்பிழந்த தசை இழைகள் தாமாகவே துடிக்கும் ஃபைப்ரிலேஷன் என்னும் ஒலி, தகரக் கூரையில் மழைத்துளி விழுவதைப்போலக் கேட்கும் என்று பாடங்களில் கற்பிக்கப்படுகிறது. மடிக்கணினியின் மெலிந்த ஒலிப்பான் வழியே அந்தச் சொடுக்கொலியின் கூர்மை மங்கிவிடுவதால், தனி ஒலிபெருக்கி இணைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

தொழுநோய் சிகிச்சை நடக்கும் மையங்களுக்குப் போர்ட்டபிள் கருவி வேறொரு வகையில் பயன்படுகிறது. உத்தரப் பிரதேசத்தின் நைனி, பைசாபாத் மருத்துவமனைகளில் 303 பல்கிருமித் தொழுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த இன்ஃபிர் ஆய்வு, உணர்வு நரம்புக் கடத்தலில் தோன்றும் மாற்றம், நைலான் இழையால் தொட்டறியும் சோதனையிலும் தசைவலிமைச் சோதனையிலும் குறை தெரிவதற்குப் பன்னிரண்டு வாரங்கள் வரை முன்னதாகவே வெளிப்படக்கூடும் என்று கண்டது. நரம்பழற்சியை அத்தகைய முன்கட்டத்தில் கண்டுபிடிப்பது ஊனத்தைத் தடுக்கும் சிகிச்சைக்குக் காலம் வாங்கித் தருவதால், இங்கே ஒரு மைக்ரோவோல்ட்டின் நம்பகத்தன்மை நேரடியாக ஒரு கையின் எதிர்காலத்தோடு தொடர்புடையதாகிறது.

ஒரே ஒரு நரம்பை, பெரும்பாலும் சூரல் நரம்பை மட்டும், முன்னமைத்த முறையில் அளந்து எண்ணாகக் காட்டும் கையடக்கக் கருவிகளும் கிடைக்கின்றன; டி.பி.என்.செக் என்னும் பெயருடையது அத்தகையது. பெருந்திரளான நீரிழிவு நோயாளிகளுள் யாரை மேற்சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று வடிகட்டுவதற்கு இவை உதவும். எனினும் முழங்காலருகே பெரோனியல் நரம்பு நசுங்கியதால் பாதம் தொங்குகிறதா, இடுப்பு வேர் நசிந்ததால் தொங்குகிறதா என்ற கேள்விக்கு இவற்றிடம் விடையில்லை. வடிகட்டும் கருவியை நோயறியும் கருவியாக எண்ணி வாங்குவது, வாங்கும் கிளினிக்குக்கும் நோயாளிக்கும் ஏமாற்றத்தையே தரும்.

எந்த வகையை வாங்கினாலும், நரம்புக் கடத்தல் சோதனை தடித்த, உறையுள்ள இழைகளை மட்டுமே அளக்கிறது என்பதை மறத்தலாகாது. வலியையும் சூட்டையும் உணர்த்தும் மெல்லிய இழைகள் மட்டும் பழுதடைந்திருந்தால், பாதம் தீயாய் எரியும் நோயாளிக்கும் அறிக்கை 'இயல்பு' என்றே வரும். அது கருவியின் குற்றமன்று, சோதனையின் எல்லை.

பெருக்கி: செலவு செய்ய வேண்டிய இடம்

உடலின் மின்னலையைப் பன்மடங்கு உயர்த்தித் திரைக்கு அனுப்பும் பகுதியே பெருக்கி. அதன் தரத்தை நான்கு அளவுகளால் மதிப்பிடலாம். முதலாவது, பெருக்கி தானே உண்டாக்கும் இரைச்சல்; உள்ளீட்டில் எந்த அலையும் இல்லாதபோதும் கோட்டில் தெரியும் நடுக்கம் இது. ஐந்து மைக்ரோவோல்ட் அலையைத் தேடும் கருவியின் சொந்த இரைச்சல் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் நன்கு கீழே இருக்க வேண்டும். இரண்டாவது, பொதுச்சைகை நீக்கவிகிதம். சுற்றுப்புற மின்கம்பிகளிலிருந்து இரு மின்முனைகளுக்கும் ஒன்றுபோல வந்து சேரும் தொல்லை அலையை, உடலிலிருந்து வரும் வேறுபாட்டு அலையோடு ஒப்பிடுகையில் எத்தனை மடங்கு அடக்குகிறது என்பதை இது சொல்லும். நூறு டெசிபல் என்றால் ஒரு லட்சம் மடங்கு. அதற்குக் குறைந்ததை ஏற்பது நன்றன்று. மூன்றாவது, உள்ளீட்டு மின்மறுப்பு. இது நூறு மெகா ஓமுக்கு மேல் உயர்ந்திருந்தால்தான், தோலில் மின்முனை சரியாக ஒட்டாத சிறு குறைகளை அலை தாங்கும். நான்காவது, ஒரு நொடிக்கு எத்தனை முறை அலை மாதிரி எடுக்கப்படுகிறது என்பது. பத்தாயிரம் ஹெர்ட்ஸ் வரை விரியும் ஊசி அலைகளைச் சிதைவின்றிப் பதிய, கோட்பாட்டளவில் நொடிக்கு இருபதாயிரமும், நடைமுறையில் அதைவிட மிகுதியும் தேவைப்படுகின்றன. நல்ல கருவிகள் நாற்பத்தெட்டாயிரம் அளவில் எடுக்கின்றன.

தேவையற்ற அலைவெண்களை நீக்கும் வடிகட்டிகள் எல்லாக் கருவியிலும் உண்டு. அவற்றை மாற்றியமைக்க முடிகிறதா என்பதே கேட்க வேண்டியது. இயக்க நரம்புக்கு 2 ஹெர்ட்ஸ் முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையும், உணர்வு நரம்புக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 2,000 அல்லது 3,000 ஹெர்ட்ஸ் வரையும் திறந்துவைப்பது வழக்கம். வடிகட்டியின் எல்லை மாறினால் அலையின் உயரமும் அது எழும் நேரமும் மாறிவிடுமாதலால், கிளினிக் பயன்படுத்தும் இயல்பளவுகள் எந்த வடிகட்டி அமைப்பில் பெறப்பட்டனவோ அதே அமைப்பில்தான் நோயாளியையும் சோதிக்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாமல், எல்லாவற்றையும் தானே மென்மையாக்கிக் கண்ணுக்கு இனிய கோட்டைத் தரும் கருவி, அழகுக்காக உண்மையை விட்டுக்கொடுக்கிறது.

பலமுறை தூண்டிக் கிடைத்த அலைகளைச் சராசரியாக்கும் வசதி, சிறு அலைகளுக்கு இன்றியமையாதது. ஒழுங்கற்ற இரைச்சல், தூண்டல்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைவதால், பதினாறு முறை சராசரியாக்கினால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். ஆனால் அறுபத்துநான்கு முறை தூண்டினால்தான் நலமானவரின் சூரல் அலையே தெரிகிறது என்றால், அந்தக் கருவி தன் குறையை நோயாளியின் வலியால் ஈடுகட்டுகிறது என்றே பொருள்.

தூண்டி

நரம்பைத் தூண்டும் மின்துடிப்பைத் தரும் பகுதி, மின்னழுத்தத்தை நிலையாக வைப்பதாகவும் இருக்கலாம், மின்னோட்டத்தை நிலையாக வைப்பதாகவும் இருக்கலாம். தோலின் மின்தடை ஆளுக்கு ஆள், நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், அதைப் பொருட்படுத்தாமல் குறித்த மின்னோட்டத்தையே செலுத்தும் நிலைமின்னோட்டத் தூண்டியே விரும்பத்தக்கது. நூறு மில்லி ஆம்பியர் வரை செல்லும் திறனும், துடிப்பின் நீளத்தை ஒரு மில்லி நொடியின் இருபதில் ஒரு பங்கிலிருந்து ஒரு மில்லி நொடி வரை மாற்றும் வசதியும் இருத்தல் வேண்டும்.

இத்தனை வலிமை எதற்கு என்ற கேள்வி எழலாம். நரம்பிலுள்ள எல்லா இழைகளும் கிளர்ந்தெழும் அளவுக்குத் தூண்டி, அதற்கும் மேல் இருபது முதல் முப்பது விழுக்காடு கூட்டிய பின்னரும் அலை வளரவில்லை என்று உறுதிசெய்த பிறகே அளவு எடுக்க வேண்டும் என்பது இச்சோதனையின் அடிப்படை விதி. பருத்த உடல், வீங்கிய கால், நீரிழிவால் கிளர்ச்சித்திறன் குறைந்த நரம்பு ஆகியவற்றில் சாதாரண வலிமை எல்லா இழைகளையும் எட்டாது. எட்டாத இழைகள் இறந்த இழைகளாகக் கணக்கிடப்பட்டுவிடும். மின்கலத்தில் மட்டும் இயங்கும் சிறு கருவிகள் சில இவ்விடத்தில் தளர்ந்துவிடுவதால், திரையில் காட்டும் மின்னோட்டம் உண்மையாகவே தோலுக்குள் செல்கிறதா, செல்ல முடியாதபோது கருவி எச்சரிக்கிறதா என்பதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

மயஸ்தீனியா என்னும் நரம்பு–தசைச் சந்திப்பு நோயைக் கண்டறிய, நொடிக்கு இரண்டு அல்லது மூன்று முறை தொடர்ந்து தூண்டி, அலையின் உயரம் பத்து விழுக்காட்டுக்கு மேல் சரிகிறதா என்று பார்க்கும் மீள்தூண்டல் சோதனை தேவை; வேர்ப்பகுதியின் கடத்தலை ஆராய எஃப் அலை, ஹெச் அனிச்சை ஆகிய பதிவுகள் தேவை. இவை அடிப்படைத் தொகுப்பிலேயே அடங்கியவையா, தனி விலைக்கு விற்கப்படுபவையா என்பதை விலைப்புள்ளியில் எழுத்தாகவே பெற்றுக்கொள்வது நல்லது.

மின்முனைகளும் ஊசிகளும்

கருவி ஒருமுறை வாங்கப்படுவது. மின்முனை ஒவ்வொரு நாளும் வாங்கப்படுவது. பசை தடவி ஒட்டும் உலோக வட்டுகள், விரலில் மாட்டும் வளையங்கள், ஒருமுறை ஒட்டி எறியும் மின்முனைகள் என்று இவை பலவகைப்படும். ஒரு நிறுவனத்தின் இணைப்பான் மட்டுமே பொருந்தும் கருவியை வாங்கினால், அந்நிறுவனம் சொல்லும் விலையிலேயே ஆண்டுதோறும் மின்முனை வாங்க நேரும். பொதுத்தர இணைப்பான்கள் கொண்ட கருவி இந்தக் கட்டிலிருந்து விடுவிக்கிறது. கம்பிகள் வளைந்து வளைந்து உள்ளே அறுபடுவதே இக்கருவிகளில் மிக அடிக்கடி நேரும் பழுது என்பதால், கருவியோடு சேர்த்தே மாற்றுக் கம்பித் தொகுப்பு ஒன்றை வாங்கிவைப்பது, ஒரு நாள் வேலை முழுவதும் நின்றுபோவதைத் தடுக்கும்.

ஊசி மின்முனைகள் ஒரு நோயாளிக்கு ஒன்று என்ற கணக்கில் பயன்படுத்தி அழிக்கப்பட வேண்டியவை. இரத்தத்தால் பரவும் தொற்றுகளை எண்ணும்போது இதில் சிக்கனத்துக்கு இடமில்லை. ஊசியின் விலையைச் சேர்க்காமல் கட்டணம் வகுத்த கிளினிக், பின்னர் ஊசிச் சோதனையையே தவிர்க்கத் தொடங்கும். தவிர்க்கப்பட்ட சோதனையின் இழப்பு நோயாளியைச் சேர்கிறது.

அறை, மின்சாரம், வெப்பநிலை

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் அலைகிறது. அதே அலைவெண் உணர்வு நரம்பின் பதிவு எல்லைக்குள்ளேயே விழுவதால், மோசமான எர்த் இணைப்பு, மலிவான எல்.இ.டி. விளக்கு, மின்விசிறியின் வேகக்கட்டுப்பாடு, சுவருக்கு அப்பாலுள்ள லிஃப்ட் மோட்டார் ஆகிய எதுவும் பதிவைக் கெடுக்கலாம். இதை மறைப்பதற்கென்று கருவிகளில் 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் வடிகட்டி உண்டு. ஆனால் அது அலையின் வடிவத்தையே திரித்து, தூண்டல் அதிர்வைத் தொடர்ந்து பொய்யான சிற்றலைகளையும் உண்டாக்கக்கூடும் என்பதால், அதை அணைத்து வைத்தே வேலை செய்யத்தக்கதாக அறையும் கருவியும் இருத்தல் வேண்டும். கட்டடத்தின் எர்த் இணைப்பைச் சோதித்துச் சீர்செய்வதற்கு ஆகும் செலவு, விலையுயர்ந்த கருவிக்குத் தாவுவதற்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே.

பாதுகாப்பு இதனோடு ஒட்டியது. மருத்துவ மின்கருவிகளுக்குப் பொதுவான ஐ.இ.சி. 60601-1 தரமும், ஈ.எம்.ஜி. கருவிகளுக்கென்றே வகுத்த ஐ.இ.சி. 60601-2-40 தரமும் பின்பற்றப்பட்டுள்ளன என்பதற்குச் சான்று கேட்கப்பட வேண்டும். நோயாளியோடு இணையும் பகுதி மின்சுற்றிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். சாதாரண மடிக்கணினியின் சார்ஜரும் அச்சுப்பொறியும் இத்தரத்துக்கு உட்பட்டவை அல்ல ஆதலால், தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியே மின்சாரம் தருவதோ, பதிவின்போது மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டுவதோ முறையாகும். பின்னது 50 ஹெர்ட்ஸ் தொல்லையையும் குறைக்கும். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்களையும், இதயத்தை எட்டும் இரத்தக்குழாய்க் கம்பி உள்ளவர்களையும் சோதிப்பதற்குத் தனி எச்சரிக்கை விதிகள் உண்டு. படுக்கைக்கே எடுத்துச்செல்லும் கருவியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படுத்த எண்ணுவோர் அவற்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலை பலராலும் கவனிக்கப்படாத ஒன்று. கையோ காலோ ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால், கடத்தல் வேகம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறைகிறது. தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடைப்பட்ட நேரம் ஒரு மில்லி நொடியின் ஐந்தில் ஒரு பங்கு நீள்கிறது. கையில் நொடிக்கு ஐம்பது மீட்டரும் காலில் நாற்பது மீட்டரும் இயல்பின் கீழெல்லையாகக் கொள்ளப்படுகையில், நெடுநேரம் ஏ.சி. அறையில் காத்திருந்த நலமானவர் நரம்புநோயாளியாகப் பதிவாவதற்கு நான்கைந்து பாகைக் குளிர்ச்சி போதும். கைக்கு 32 பாகை, காலுக்கு 30 பாகை என்ற அளவுக்குக் கீழே இருந்தால் வெந்நீராலோ சூட்டுப்பையாலோ இதமாக்கிய பிறகே சோதிக்க வேண்டும். தோல் வெப்பமானி கருவியோடு இணைந்து, அளவை அறிக்கையிலேயே பதியும் வசதி இருந்தால் அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும். இல்லையென்றால் தனி வெப்பமானியும் அதைக் குறித்துவைக்கும் ஒழுங்கும் அந்த இடத்தை நிரப்பும்.

மென்பொருள்

மென்பொருளிடம் எதிர்பார்க்க வேண்டியது மூன்று. அலையின் தொடக்கத்தையும் உச்சியையும் கருவி தானாகவே குறித்தாலும், சோதனையாளர் அக்குறியை நகர்த்தித் திருத்த முடிய வேண்டும். எண்கள் மட்டுமன்றி மூல அலைகளும் சேமிக்கப்பட்டு, அறிக்கையில் அச்சாக வேண்டும். அலை இல்லாத அறிக்கையை வேறொரு நரம்பியல் மருத்துவர் சரிபார்க்க வழியே இல்லை. கருவியில் ஏற்றப்பட்டுள்ள இயல்பளவுகள் எந்த மக்களிடம், எந்த வயதினரிடம், என்ன உயரத்தினரிடம் பெறப்பட்டவை என்பது தெரிய வேண்டும். உயரம் கூடக் கூடவும் வயது ஏற ஏறவும் கடத்தல் வேகம் குறைவதால், எல்லாருக்கும் ஒரே எல்லைக்கோடு பொருந்தாது. 'மிதமான நரம்புநோய்' என்று தானே முடிவுரை எழுதும் மென்பொருளை வரைவாக மட்டும் கொள்ளலாம். கையொப்பமிடுபவர் ஒவ்வொரு அலையையும் பார்த்திருக்க வேண்டும்.

மடிக்கணினி கிளினிக்கை விட்டு வெளியே செல்வதால், அதிலுள்ள நோயாளிகளின் விவரமும் வெளியே செல்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நோக்க, வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்வதும், பதிவுகளைப் பொதுவடிவில் ஏற்றுமதி செய்து கிளினிக்கின் சேமிப்பில் வைப்பதும், நிறுவனம் மூடினாலும் பழைய பதிவுகள் திறக்கும் என்ற உறுதியும் கருத்தில் கொள்ளத்தக்கவை.

வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017 என்பதன் கீழ், இடரின் அளவுக்கேற்ப நான்கு வகுப்புகளாகக் கருவிகள் பிரிக்கப்பட்டு, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒழுங்குமுறைக்குள் வந்துள்ளன. கருவிக்கு உரிய உற்பத்தி உரிமமோ இறக்குமதி உரிமமோ இருக்கிறதா என்று கேட்பது முதற்படி. உள்நாட்டு நிறுவனங்கள் சண்டிகர் பகுதியை மையமாகக் கொண்டு இத்தகைய கருவிகளை உருவாக்குகின்றன. அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் கருவிகளும் முகவர் வழியே கிடைக்கின்றன. எந்த நாட்டுக் கருவி என்பதைவிட, பழுது பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார், பழுதான நாள்களில் மாற்றுக் கருவி தரப்படுமா, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கம்பியும் தூண்டியும் அடங்குமா, ஆண்டுதோறும் அளவுத்திருத்தம் செய்து சான்று தரப்படுமா என்பவையே நாளடைவில் பெரிதாகும்.

டெமோ, விற்பனைக்காரரின் அலுவலகத்தில் அல்லாமல், சோதனை நடக்கப்போகும் அறையிலேயே, வழக்கமான விளக்கும் விசிறியும் ஏ.சி.யும் ஓடும் நேரத்தில் நடைபெற வேண்டும். நாட்ச் வடிகட்டியை அணைத்துவிட்டு, உள்ளீட்டு முனைகளை ஒன்றோடொன்று குறுக்கே இணைத்து, வெறுங்கோட்டின் இரைச்சலை ஒரு பிரிவுக்கு ஓரிரு மைக்ரோவோல்ட் என்ற அளவில் பார்ப்பது முதல் சோதனை. இசைவு தெரிவித்த நலமான இருவர் மூவரிடம், அவர்களுள் ஒருவரேனும் நடுவயதைக் கடந்தவராகவும் பருத்த கால் உடையவராகவும் இருக்க, சூரல் அலையைப் பதிவது இரண்டாவது. மின்முனைகளை எடுத்துவிட்டு மீண்டும் ஒட்டி, அதே அலை அதே உயரத்தில், அதே நேரத்தில் திரும்புகிறதா என்று காண்பது மூன்றாவது. போட்டியிலுள்ள கருவிகள் எல்லாவற்றையும் அதே ஆட்களிடம் ஒரே நாளில் இவ்வாறு சோதித்தால், விளம்பரத் தாள்கள் மறைக்கும் வேறுபாடு திரையிலேயே தெரிந்துவிடும். இயலுமெனில், நன்கு இயங்கும் கருவியுள்ள மருத்துவமனையில் அதே ஆட்களின் அளவுகளைப் பெற்று ஒப்பிடுவது இன்னும் உறுதியளிக்கும்.

பழைய கருவியை வாங்குவது தவறன்று; ஆனால் அதன் மென்பொருள் இன்றைய கணினியில் இயங்குமா, உரிமம் புதிய உரிமையாளருக்கு மாறுமா, கம்பிகள் இன்னும் கிடைக்குமா என்ற மூன்றுக்கும் விடை கிடைக்காத வரை, குறைந்த விலை ஆதாயமாகாது.

சோதிப்பவர்

கருவியின் கடைசி உறுப்பு அதை இயக்கும் மனிதர். தூண்டும் இடத்துக்கும் பதியும் இடத்துக்கும் இடைப்பட்ட தொலைவை நாடாவால் அளக்கையில் பத்து சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தவறினால், கணிக்கப்படும் வேகத்தில் பத்து விழுக்காடு பிழை நுழைகிறது. எந்தப் பெருக்கியும் அதைத் திருத்தித் தராது. நரம்பு அறுந்த சில நாள்களிலேயே ஊசிச் சோதனை செய்தால், ஃபைப்ரிலேஷன் தோன்ற இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதை அறியாதவர், காயமே இல்லை என்று எழுதிவிடுவார். கடத்தல் சோதனையைப் பயிற்சிபெற்ற தொழில்நுட்பர் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். ஊசிச் சோதனையோ ஒவ்வொரு குத்தலிலும் அடுத்து எங்கே குத்துவது என்று நோயறிவின் போக்கிலேயே முடிவெடுக்க வேண்டியது என்பதால், அத்துறையில் பயின்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்பது அமெரிக்க நரம்பு–தசை மின்நோயறி மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு.

ஆகவே, அத்தகைய மருத்துவர் கிளினிக்குக்கு வாராதவிடத்து ஈ.எம்.ஜி. வசதியுள்ள கருவியை வாங்காமல், கடத்தல் சோதனைக்கு மட்டும் தரமான கருவியை வாங்கி, எஞ்சியவர்களை உரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பதே நோயாளிக்கு நன்மை தரும் முடிவு. கடத்தல் சோதனைக்கும் பயிற்சிபெற்ற ஆள் இல்லையெனில், கருவிக்கு ஒதுக்கிய தொகையின் ஒரு பகுதியை முதலில் ஒருவரின் பயிற்சிக்குச் செலவிடுவதும், வாங்குவதை ஓராண்டு தள்ளிப்போடுவதும் இழப்பாகா. நல்ல பெருக்கி, வலிய தூண்டி, சீரான எர்த், இதமான கை, பயின்ற கண் ஆகிய ஐந்தும் ஓரிடத்தில் கூடிய பிறகு, 'துலங்கல் இல்லை' என்று அறிக்கையில் எழுதும் கிளினிக், அந்த வரியை நம்பி அடுத்த மருத்துவர் அறுவைக்கோ நெடுங்கால மருந்துக்கோ முடிவெடுக்கலாம் என்ற பொறுப்பை ஏற்றே எழுதுகிறது. அந்தப் பொறுப்பைத் தாங்கக்கூடிய கருவியே, எவ்வளவு சிறியதாயினும், வாங்கத்தக்க கருவி.